பந்தெறியும் மேட்டில் மடு மண்

லண்டனில் குட்மேய்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, ரெயில் பாதையோரமாகவே செவன் கிங்ஸ் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் வில்மர்டன் கல்லூரியின் பேஸ்போல் மைதானம் வரும். 2009 இலையுதிர் காலத்தில்தான் அதற்கு முழு உருவம் வந்தது. நானூறு பேர் இருக்கக் கூரை போட்ட படிக்கட்டு என்ன, மின்சாரத்தில் எரியும் ஸ்கோர் பலகை என்ன, கல்லூரிப் பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். இந்த மைதானத்தைத் தன் கையாலே வளர்த்தவர் என்று கிறிஸ்துராஜாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு என்ன? ஆள் வரவில்லை. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வழமைபோல வேலைக்கு வந்து, கொட்டிக் கிடந்த குப்பையைப் பொறுக்கினார்.

1999 இல் அவர் அங்கே சேர்ந்தபோது அது மைதானமே இல்லை. பள்ளமும் திட்டியுமாக ஒரு புல்வெளி. ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும், மற்ற மூலையில் நரி குட்டி போடும். புல் வெட்டுவதும் கோடு போடுவதும்தான் அவருடைய வேலை. இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவிலிருந்து படிக்க வந்த சில பிள்ளைகள் நாலு மூலையில் நாலு சாக்கைப் போட்டுவிட்டு, தடியும் பந்துமாக விளையாடத் தொடங்கினார்கள். அன்று வீட்டுக்குப் போன கிறிஸ்துராஜா மனைவி மரியமலரிடம் சொல்லிச் சிரித்தார்.

“கிரிக்கெற்றும் இல்லை, கிளித்தட்டும் இல்லை மலர். பந்தை அடிச்சுப்போட்டுச் சுத்தி ஓடி, வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறாங்கள். அந்த இடத்துக்குப் பேர் வீடாம்.”

“வெளிக்கிட்ட வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு விளையாட்டோ? அப்ப எங்களுக்கும் பழக்கிவிடச் சொல்லுங்கோ” என்றாள் மரியமலர்.

அவள் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அவளுடைய தாய் டொலறஸ் அம்மா மன்னாரில், அடம்பனில் இருந்தார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கிறிஸ்துராஜாவை ஆமி பிடித்துக்கொண்டு போய் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நாட்கள் அவை. அப்போது டொலறஸ் அம்மா, மன்னார்க் காட்டுக்குள்ளே மடுக் கோவிலில் இருக்கிற மடுமாதாவிடம் ஒரு நேர்த்தி வைத்தார். மருமகன் உயிரோடு திரும்பினால் மகளும் அவரும் சோடியாக வந்து உன் காலடியில் மெழுகுதிரி கொளுத்துவார்கள் தாயே என்று. அவர் திரும்பினார். ஆனால் திரும்பிய வேகத்திலேயே கொழும்பு, அங்கே சில வருடம் கழித்து லண்டன் என்று ஓட வேண்டியதாகப் போயிற்று. மெழுகுதிரி கொளுத்தாமலே கிடந்தது. ‘சோடியாக’ என்று நேர்ந்தபடியால் மரியமலர் தனியே போயும் தீர்க்க முடியாது. நேர்த்தி என்றால் நேர்த்தி, அதில் பாதி தீர்ப்பது என்று ஒன்றில்லை.

2002 மாசியில் போர் நிறுத்தம் வந்தது. கண்டி வீதி திறந்தது, மடுவுக்குப் பாதை திறந்தது. செவன் கிங்ஸ் கோவிலில் பாதிச் சனம் ஓகஸ்ட் பதினைந்து மடுத் திருவிழாவுக்கு ரிக்கெற் போட்டுவிட்டது. அவர்கள் இருவருக்கும் அப்போதுதான் விசாவும் கிடைத்து, பாஸ்போட்டும் கைக்கு வந்திருந்தது. மரியமலர் சூட்கேஸ் வாங்கிவிட்டாள்.

இங்கேதான் மைதானம் குறுக்கே வந்தது. அந்தக் கோடையில் வில்மர்டனுக்கு மற்றக் கல்லூரிகளோடு முதலாவது போட்டித் தொடர். நடப்பது ஓகஸ்டில். கல்லூரியின் கட்டடங்களையும் மைதானங்களையும் பார்க்கிற மனேஜர் திருமாறன். மலேசியாவில் ஈப்போக்காரர், அதே கல்லூரியில் படித்து அங்கேயே உத்தியோகம் பார்த்தவர். நல்ல மனிதர். “அண்ணே, லீவு தர மாட்டேன்னு சொல்லல. ஆனா நீங்க இல்லாம இந்தத் தரையை யாரு பார்ப்பாங்க? நீங்களே சொல்லுங்க” என்றார். கிறிஸ்துராஜாவுக்கு நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. இந்த நாட்டில் ஏழு வருடத்தில் ‘நீ இல்லாமல் முடியாது’ என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு விழுந்தார் மனிதர்.

“அடுத்த வருசம் கட்டாயம் போறம்” என்றார் வீட்டில்.

அடுத்த வருடம் மைதானத்துக்குப் பின்வலை வந்தது, சுற்றுவேலி வந்தது, பந்தெறிகிறவன் ஏறி நின்று எறிவதற்கு நடுவில் ஒரு களிமண் மேடும் வந்தது. பத்து அங்குல உயரம்தான். ஆனால் அதைப்போல ஒரு சனியன் பிடித்த வேலை உலகத்தில் இல்லை. விரற்கடை விரற்கடையாகக் களிமண் போட்டு, ஈரம் பார்த்து, இடித்து இறுக்கி, மேலே கீறி, மறுபடி போட வேண்டும். மழை வந்தால் தறப்பாள் மூட வேண்டும். லண்டனில் எந்த நாள் மழை வராது? வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத கிறிஸ்துராஜா, அந்த மேட்டில் எவனாவது சப்பாத்தோடு சும்மா ஏறினால் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கக் கத்துவார். அந்த ஓகஸ்டும் போயிற்று. “அடுத்த வருசம் மலர், மாதா எங்க ஓடியா போகப்போறா?” அதற்கடுத்த வருடம் வீரர்கள் இருக்கிற கொட்டகை இரண்டும், மரப் படிக்கட்டும் வந்தன. அந்த ஓகஸ்டும் போயிற்று. மரியமலர் சண்டை பிடிக்கவில்லை. சூட்கேஸை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டாள்.

2004 திருவிழாவுக்குப் போய்வந்த றூபினி, கோவிலில் மரியமலரோடு பாடுகிற பிள்ளை, ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். நீலக்கரை போட்ட ஒரு கைலேஞ்சித் துணியில் முடிந்த மண். மடுக் கோவில் மண். அந்த மண் இருக்கிற வீட்டில் பாம்பு அண்டாது என்பது மன்னார்ப் பக்கத்து நம்பிக்கை. செவன் கிங்ஸில் எங்கே பாம்பு இருக்கிறது என்று கேட்காதீர்கள், நம்பிக்கைக்கு முகவரி கேட்கக் கூடாது.

“அக்கா, அம்மா வெயிலுக்க நிண்டு தன்ர கையாலதான் அள்ளிக் கட்டினவ” என்றாள் றூபினி. “ஒண்டு சொல்லச் சொன்னவ. மகளும் மருமகனும் வரேக்குள்ள இதைக் கொண்டுவந்து, எடுத்த இடத்திலயே போடட்டாம். மாதாவிட்டக் கடனாத்தான் கேட்டு எடுத்தவவாம்.”

மரியமலர் அந்த முடிச்சைக் கண்ணில் ஒற்றி, வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் செபம் அதற்கு முன்னால்தான். முடிச்சை அவள் ஒருநாளும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கிற இடம் மடு என்று வைத்திருந்தாள்.

அவிழ்த்தவர் கிறிஸ்துராஜா.

2005 சித்திரையில் விடாமல் மழை. மேட்டின் முன்பக்கம் கரைந்து, எறிந்த பிள்ளை ஒருவன் கால் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிப் போனான். அடுத்த கிழமையும் அப்படியே சரிந்தது. மூன்றாம் முறை கட்டியும் சரிந்தது. வெளியே ஒரு கம்பனியிடம் கொடுத்துவிடுவோமா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்களாம். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அவர்களுடைய பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரத்தில் ஒரு சிமிட்டா, இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு, மடு மண் போடுவார்கள். கட்டடம் அசையாது என்பார்கள். பிள்ளைகள் ஏறி நிற்கிற இடம்தானே, ஒரு சிமிட்டா போட்டால் என்ன? மாதா கோபிக்கவா போகிறா?

ஒரு சனிக்கிழமை மரியமலர் கடைக்குப் போன நேரம் பார்த்து, கைலேஞ்சியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். மேட்டை அடிவரை கிண்டி, முழங்காலில் நின்று முடிச்சை அவிழ்த்தார். வெளிர் நிறத்தில், மா மாதிரி மெல்லிய மண். ஒரு சிமிட்டா எடுத்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் குனிந்து மறைக்க மறைக்க, விரித்த துணியிலே மழை அடித்துக் கொட்டி, மண் முழுவதும் சேறாகிவிட்டது. வழித்து எடுக்கப் பார்த்தார். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்ததே தவிர, திரும்பக் கட்டுகிற மாதிரி ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியில் விரல்களை மேட்டின் அடிக்களிமண்ணில் துடைத்துத் துடைத்து, மாமி கட்டித் தந்த அவ்வளவையும் அங்கேயே வைத்து மூடி, மேலே களிமண் போட்டு இடித்தார். அழுதுகொண்டுதான் இடித்தார்.

பிறகு செய்ததுதான் பெரிய பாவம். கொட்டகைக் குழாயில் கைலேஞ்சியை அலசி, ஹீற்றரில் காயப்போட்டார். கோடு போடும் இடத்தில் நிரவுவதற்குக் கடையில் வாங்கி வைத்திருந்த சாக்கு மணலில் ஒரு கைப்பிடி அள்ளி, அதே அளவில், அதே மாதிரி முடிந்து, மரியமலர் வரமுன் பீடத்தில் வைத்துவிட்டார். இரவு அவள் அதற்கு முன்னால் முழங்காலில் நின்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல, இவரும் பக்கத்தில் நின்று சொன்னார். சொல்ல வாய் வந்ததே, அதைத்தான் பிறகு நினைத்து நினைத்துத் தன்னையே நொந்துகொண்டார்.

மேடு அதற்குப் பிறகு சரியவில்லை. அதிசயம் என்று சொல்லமாட்டேன். அடிவரை கிண்டி ஒழுங்காகக் கட்டினால் எந்த மேடும் நிற்கும்.

எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். மடுவுக்குப் போகிற அன்றைக்கு மேட்டைக் கிண்டி அந்தக் களிமண்ணில் ஒரு கட்டி எடுத்துக்கொண்டு, பிளேனில் வைத்துச் சொல்லலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். 2006 இல் பாதை மூடிவிட்டது. சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. மடுமாதா சுரூபமே 2008 இல் கோவிலை விட்டு இடம்பெயர வேண்டியதாயிற்று. டொலறஸ் அம்மாவும் அடம்பனிலிருந்து வெளிக்கிட்டு, சனத்தோடு சனமாக வன்னிக்குள்ளே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருடக் கடைசியில் வந்த போனோடு போன் நின்றது.

2009 பங்குனி பதினைந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, மாத்தளன் பக்கத்தில் செல் குண்டு விழுந்து டொலறஸ் அம்மா செத்துப்போனார். செய்தி ஒரு பாதிரியார் மூலமாக வந்து சேர ஒரு கிழமை எடுத்தது. பெட்டி இல்லை, பூசை இல்லை, எந்த இடத்தில் தாட்டார்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. மரியமலர் வீட்டு நடுவில் இருந்து குழறினாள். செவன் கிங்ஸில் அந்தத் தெருவில் அன்று அழுத வீடு அது ஒன்றுதான் என்றும் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவள் எழும்பிப் பீடத்தடிக்குப் போய் அந்த முடிச்சைக் கையில் எடுத்தாள்.

“எனக்கு அம்மாவெண்டு இனி இது ஒண்டுதான் கிடக்கு. முப்பத்தோராம் நாள் செபத்துக்கு அம்மாவின்ர படத்துக்கு முன்னால இதை வைப்பம். வாற சனம் எல்லாம் தொட்டு முத்தி செய்யட்டும். அவவுக்கு ஒரு பிடி மண் போட ஆருக்கும் குடுத்து வைக்கேல்லை, இதையாவது தொடட்டும். பாதை திறந்தவுடன கொண்டுபோய் அவ சொன்ன இடத்தில போடுவம். என்னப்பா, நான் சொல்றது சரிதானே?”

“ஓம்” என்றார் கிறிஸ்துராஜா.

முப்பத்தோராம் நாள், உயிர்த்த ஞாயிறான பாஸ்காவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குமுன் மேட்டைக் கிண்ட வேண்டும். அடிக்களிமண்ணில் வெளிர் நிறம் ஒரு கோடாவது தெரியும், அந்தக் கட்டியை அப்படியே எடுத்துக் காயவைத்து முடிச்சை மாற்ற வேண்டும். இதைவிட அவருக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மைதானம் அப்போதுதான் கடைசித் தடவையாக வளரத் தொடங்கியிருந்தது. நானூறு பேருக்குப் படிக்கட்டுக் கட்ட இடம் போதாமல், விளையாட்டுத் தளம் முழுவதையும் முப்பதடி வடக்கே தள்ளுகிறார்கள். பழைய மேடு இருக்கிற இடத்தில் புல் வரப்போகிறது. பாஸ்கா முடிந்துதான் கிண்டுவார்கள் என்று வேலை அட்டவணையில் போட்டிருந்தது. என்றாலும் அவருக்கு மனம் கேட்கவில்லை. திருமாறனின் அறைக்குப் போனார்.

“தம்பி, அந்தப் பழைய மேட்டை மட்டும் இப்ப தொடாதையுங்கோ. நான் ஒருக்கா…” என்று தொடங்கியவருக்கு மேலே வார்த்தை வரவில்லை. எப்படிச் சொல்வது? கோவில் மண்ணை மேட்டில் புதைத்தேன், பெண்சாதிக்குக் கடை மணலைக் கட்டி வைத்தேன் என்றா? கண் கலங்கிவிட்டது.

திருமாறன் எழுந்து வந்து அவருடைய தோளில் கை வைத்தார். “புரியுது அண்ணே. நீங்க கையால கட்டினது. கஷ்டமாத்தான் இருக்கும். நான் பார்த்துக்கிறேன், கவலைப்படாதீங்க.”

கிறிஸ்துராஜா ஆறுதலோடு வெளியே வந்தார். பெரிய வியாழன் அன்று கோவிலில் பாதம் கழுவும் சடங்கு. மாலைப் பூசைக்குப் போகமுன் வீட்டைக் கழுவி, பாஸ்காவுக்கும் செபத்துக்கும் ஆயத்தப்படுத்த வேண்டும் என்று ஒரு நாள் லீவு எடுத்திருந்தார். பெரிய வெள்ளி முழு நாட்டுக்கும் விடுமுறை. கல்லூரியில் ஒரு குருவி இராது, ஏன் கிண்டுகிறாய் என்று கேட்கவும் ஆள் இராது. அன்று காலை மண்வெட்டியும் கரண்டியும் ஒரு புதுப் பொலித்தீன் பையுமாக மைதானத்துக்குப் போனார்.

மேடு இருந்த இடத்தில் நாலடி ஆழத்துக்குக் குழி. குழிக்குள் தண்ணீர். கிண்டிய மண்ணில் ஒரு கூடை கூட அங்கே இல்லை.

கிறிஸ்துராஜா குழிக்குள் இறங்கினார். முழங்கால் வரை தண்ணீருக்குள் நின்று, பக்கச் சுவரை விரலால் கீறிக் கீறிப் பார்த்தார். எல்லாம் லண்டன் மண், மஞ்சளும் சாம்பலுமாக. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கரையேறி இருந்துகொண்டு திருமாறனுக்குப் போன் எடுத்தார்.

“ஆமா அண்ணே, நேத்தே எடுக்கச் சொல்லிட்டேன்” என்றார் திருமாறன், நல்ல செய்தி சொல்கிற குரலில். “நீங்க நின்னு பார்த்தா தாங்க மாட்டீங்க. அதான் நீங்க லீவுல இருக்கிற நாளாப் பார்த்து முடிக்கச் சொன்னேன். மண்ணு எல்லாம் லாரியில எசெக்ஸ் பக்கம் எங்கயோ பள்ளம் நிரப்பப் போயிருச்சு. ஏன் அண்ணே? ஏதாவது வேணுமா?”

“ஒண்டுமில்லை தம்பி” என்றார்.

என்ன மனிதர் இவர் என்று கோபம் கோபமாக வருகிறது. அந்த அறையில் வைத்து ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் திருமாறன் தானே இறங்கிக் கிண்டிக் கொடுத்திருப்பார். நாலு வருடத்தில் எந்த ஒரு மாலையிலும் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் சொல்வதற்கு ஒன்றுமில்லாத நாளில்தான் போய்ச் சொன்னார். சிலுவைப்பாதைக்குக் கறுப்புச் சேலையோடு வெளிக்கிட்டு நின்ற மரியமலருக்கு முன்னால், சேறு காயாத காற்சட்டையோடு நின்று, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

மரியமலர் பீடத்தடிக்குப் போய் முடிச்சை அவிழ்த்தாள். மணலைச் சுண்டுவிரலால் கிளறிப் பார்த்தாள்.

“நாலு வருசம்” என்றாள். “நாலு வருசம் பக்கத்தில நிண்டு நீங்களும் செபம் சொன்னனீங்கள்.”

திரும்ப முடிந்து வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனாள். பெரிய வெள்ளி, பெரிய சனி, பாஸ்கா, திங்கள். நாலு நாளும் அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைத்தாள், அவ்வளவுதான். பாஸ்காப் பூசையில் சமாதானம் சொல்கிற நேரம் றூபினிக்குக் கை கொடுத்தாள், இவர் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. டொலறஸ் அம்மாவின் படம், மாலை, மெழுகுதிரி. படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளித் தட்டில் நீலக்கரைக் கைலேஞ்சி முடிச்சு. மரியமலர் அதை வைப்பாள் என்று கிறிஸ்துராஜா நினைக்கவேயில்லை. செபம் முடிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். “அம்மா தன்ர கையால கட்டினது” என்று றூபினி பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அழுதாள். தொட்டார்கள், உதட்டில் ஒற்றி முத்தி செய்தார்கள், சிலர் நெற்றியில் வைத்தார்கள். வன்னியில் தங்கள் ஆட்களைத் தொலைத்தவர்கள் அதைக் கையில் எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாக்கு மணல் அது. எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது? அவர் சுவரோடு ஒட்டி நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் முடிந்த பிறகு மரியமலர் எழும்பினாள். தட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். முடிச்சைத் தொடவில்லை. திரும்பி, சனத்தை விலக்கிக்கொண்டு, நேரே சுவரோரம் வந்தாள்.

“கையைத் தாங்கோ” என்றாள்.

அவர் விளங்காமல் பார்த்தார்.

“அம்மா அள்ளின மண்ணைக் கடைசியாத் தொட்டது உங்கட கைதானே. தாங்கோ.”

வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். அவர் வலது கையை நீட்டினார். காய்த்துப் போன கை, நக இடுக்கெல்லாம் அந்த மைதானத்துக் களி ஏறின கை. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையில் முகத்தைப் புதைத்து, “என்ர அம்மா, என்ர அம்மா” என்று குழறினாள். புருசனில் சாய்ந்து அழுகிறாள் என்று சனம் நினைத்தது. கிறிஸ்துராஜா அந்தக் கையை அசைக்காமல், அவள் அழுது முடியும்வரை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.